காலைச் சுற்று நின்ற பிறகு: படுவான்கரையில் ஒரு முன்னாள் போராளியின் இறப்பு

ஐப்பசி மழை தொடங்கியிருந்த கிழமையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதைத் தாண்டிய முன்னாள் போராளி ஒருவர் இறந்தார். முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதியிருந்தது. அவர் இறந்து ஆறு கிழமைக்குள் அவரை அறிந்த இன்னும் மூன்று பேர் படுக்கைப் புண்ணோடு வைத்தியசாலைக்கு வந்தார்கள். ஒருவர் திருக்கோவில், ஒருவர் வாழைச்சேனைப் பக்கம், மற்றவர் காத்தான்குடி. மூவருமே வருடக்கணக்காகப் புண் இல்லாமல் உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். தினமும் காலையில் அவர்களுக்கு வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு இப்போது வருவதில்லை.

நான் மட்டக்களப்பில் உளசமூகப் பணியில் இருப்பவன். இறந்தவரை உயிரோடு இருக்கும்போதே தெரியும். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். எல்லாரும் கூப்பிட்டதுபோல அவரை மெடிசின் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் காயக்காரருக்கு மருந்து கட்டியவர் என்பதால் வந்த பெயர் அது.

ஆளும் காயமும்

1990களின் தொடக்கத்தில் இயக்கத்துக்குப் போனவர். 1997 மே மாதம் அரசபடை வன்னியில் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியபோது கிழக்கிலிருந்து போன ஜெயந்தன் படையணியோடு அவரும் போனார். அடுத்த வருடம், காயப்பட்ட ஒருவரை இழுத்துக்கொண்டு வரும்போது ஷெல் துண்டு முதுகில் பட்டது. இழுத்து வந்தவர் பிழைத்துவிட்டார், இவரால் பிறகு எழுந்து நடக்க முடியவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகு ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 2004 மார்ச்சில் இயக்கம் கிழக்கில் இரண்டாக உடைந்து, ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டபோது அவர் வீட்டில் படுக்கையில் இருந்தார். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குப் பயந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியபோது அவரை உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தையோடு ஏற்றினார்கள். அந்தப் பயணத்தில்தான் அவருக்கு முதலாவது பெரிய புண் வந்தது.

மனைவி அவருடைய காயத்தைத் தெரிந்துகொண்டே கல்யாணம் முடித்தவர். பிள்ளை ஒன்று. மனைவியின் தமக்கை 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கல்லடிப் பக்கம் இறந்துபோக, கைக்குழந்தையாக எடுத்து வளர்த்த மகள் அவ. அவவுக்கு அப்பா என்றால் இவர்தான்.

அரச படையில் காயப்பட்டவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. இவரைப் போன்றவருக்கு இருப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு மட்டும். 2024இல் அதை 7,500 ரூபா ஆக்கினார்கள். கதீற்றர் (சிறுநீர் எடுக்கும் குழாய்), கையுறை, கோஸ் துணி, பம்பஸ் என்று கணக்குப் பார்த்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது வீட்டில் இப்படியொருவரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

காலைச் சுற்று

இந்த நிகழ்வின் நடு இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முள்ளந்தண்டு அறுபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே அழுத்தும் வலி தெரியாது. எங்களுக்கு ஒரு பக்கமாகவே இருந்தால் உளையும், நினைக்காமலே அசைந்துவிடுவோம். அவர்களுக்கு அந்த உளைச்சல் வராது. எலும்பு தோலை அழுத்தி, இரத்த ஓட்டம் நின்று, தோல் சாகும். ஆகவே படுத்திருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கண்ணாடி பிடித்து இருப்பெலும்பு, வால் எலும்பு, குதிக்கால் எல்லாம் பார்க்க வேண்டும். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிறுநீரை நேரத்துக்கு எடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். இதை ஒரு கிழமை செய்வது பெரிய காரியமில்லை. சாகும்வரை செய்வதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வேண்டும்.

மெடிசின் அண்ணன் அந்தக் காரணமாக இருந்தார். விடியப்புறம் ஐந்து மணிக்குத் தொடங்குவார். தலைமாட்டில் ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட பதிவுக் கொப்பி. பக்கத்துக்கு ஒருவர். பெயர், காயம் எந்த முள்ளெலும்பில், கடைசியாகப் புண் வந்த திகதி, கதீற்றர் மாற்றிய திகதி, வீட்டில் யார் பார்க்கிறார்கள், அவர்களின் போன் இலக்கம். வரிசையாக எடுப்பார். வணக்கம், சுகமா என்ற பேச்செல்லாம் இல்லை. "கிறுகிப் படுத்தியா மனே?" என்பதுதான் முதல் கேள்வி, திரும்பிப் படுத்தாயா மகனே என்று. பதில் இழுபட்டால் தாயையோ மனைவியையோ கூப்பிடச் சொல்வார். "கண்ணாடி வைச்சுப் பாத்துச் சொல்லுங்க, நான் லைன்ல நிக்கிறன்." பார்த்துச் சொல்லும்வரை வைக்கமாட்டார். ஒருவருக்குப் பிறகு ஒருவராக முடிய எட்டு மணியாகும். அப்போதுதான் தேத்தண்ணி குடிப்பார்.

திருக்கோவில்காரருக்குக் காயம் நெஞ்சுப் பகுதியில், ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்து அடைத்துக்கொண்டாலே இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கு ஆபத்தாகும். ஒருநாள் காலை அவர் "தல இடிக்குது அண்ண, முகமெல்லாம் வேர்க்குது" என்றிருக்கிறார். வீட்டில் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுக்கப் போயிருக்கிறார்கள். மெடிசின் அண்ணன் போனிலேயே ஆளை நிமிர்த்தி இருக்கவைக்கச் சொல்லி, கதீற்றர் குழாய் எங்கே மடிந்திருக்கிறது என்று தேடவைத்து, மடிப்பை எடுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் தலையிடி இறங்கிவிட்டது. திருக்கோவில்காரரின் தாய் இன்றைக்கும் அந்தக் காலையைச் சொல்லும்போது குரல் உடைகிறது.

கொப்பியில் இருந்தவர்கள் எல்லாரும் போராளிகள் இல்லை. தென்னையால் விழுந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகு போனவர் என்று வேறு சிலரும் இருந்தார்கள். காத்தான்குடிக்காரர் கட்டட வேலையில் சாரத்தால் விழுந்தவர். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். இவருடைய தாய்மாமன் அதில் ஒருவர். "இயக்கத்தில இருந்த ஆள் எண்டு தெரிஞ்சதும் ரெண்டு கிழமை நான் போன் எடுக்கல்ல" என்று என்னிடம் சொன்னார். "மறுகா நானே எடுத்துக் கேட்டன். அவர் மறைக்கல்ல. 'நான் அப்ப சேரல்ல நானா. ஆனா அது நடந்தது. அநியாயம். அதைச் செய்த இயக்கத்துக்குத்தான் நான் பொறகு போனன்' எண்டாரு. சொல்லிப்போட்டு, 'இப்ப கிறுகிப் படுத்தீங்களா' எண்டு கேட்டாரு."

போராளிகளாக இருந்தவர்களுக்குள்ளேயும் 2004இல் ஒரு பக்கம் நின்றவர்களும் மறு பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கிடையில் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் இரண்டு பக்கத்தாரும் இவருடைய கொப்பியில் இருந்தார்கள். யார் எங்கே நின்றது என்ற கதையை அவர் எடுக்கவிட்டதில்லை.

சாவீடு

மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். ஆண் முடித்த பிறகு மனைவியின் வளவுக்குப் போய்விடுவான். ஆகவே ஆண் இறந்தால் சாவீட்டில் மனைவி பக்கத்தாரும், அவன் பிறந்த குடி ஆட்களும் என்று இரண்டு பக்கத்துக்கும் இடமிருக்கிறது, கடமையிருக்கிறது, அதைப் பற்றிய சண்டையும் இருக்கிறது. இந்த ஒழுங்கில் மெடிசின் அண்ணனின் காயக்காரர்களுக்கு ஓர் இடமும் இல்லை. அவர்கள் உறவு இல்லை, அயல் இல்லை, ஊராரும் இல்லை.

ஆனாலும் வந்தார்கள். திருக்கோவிலிலிருந்து ஒரு வானைப் பிடித்து, வழியில் கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பட்டிருப்புப் பாலத்தால் வந்து சேர்ந்தார்கள். காத்தான்குடி நானா (நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன்) தனியாக ஓட்டோவில் மண்முனைப் பாலத்தால் வந்தார். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை என்கிற மிதவையில்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த நாளென்றால் சக்கர நாற்காலியோடு வந்திருக்கவே முடியாது என்றார். எல்லாமாக ஏழு நாற்காலிகள், ஊன்றுகோலோடு இரண்டு பேர்.

வீடு பெரிய ரோட்டிலிருந்து மணல் ஒழுங்கைக்குள் இருக்கிறது. மழையில் நனைந்த மணலில் சில்லு புதைந்துவிட்டது. அவர்கள் ரோட்டோரம் பூவரச மரத்துக்குக் கீழே நின்றுவிட்டார்கள். பறைமேளச் சத்தம் கேட்கிறது, ஒப்பாரி கேட்கிறது, உள்ளே போக வழியில்லை. ஊர்ப் பொடியன்கள் கண்டுவிட்டுத் தூக்க வந்தார்கள். ஒருவர் மறுத்துவிட்டார். "என்னைத் தூக்கிக் கொண்டுபோய் அண்ணனுக்கு முன்னால வைக்காதீங்க. நானா உருட்டிக்கொண்டு போகணும்." பந்தலுக்கென்று வாங்கி மிஞ்சிய கிடுகைக் கொண்டுவந்து ஒழுங்கை நீளத்துக்கு விரித்தார்கள். அதன்மேல் ஏழு நாற்காலியும் போயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்படுவது. பிரேதத்தைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் கடைசி மாதங்களில் இடுப்பில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. வந்தவர்களில் ஒருவர், செயற்கைக் கால் போட்டவர், மனைவியிடம் போய்க் கேட்டார்: "அக்கா, அந்தப் புண்ணை நாங்க ஒருக்காக் கட்டிவிடட்டா?" பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பிரேதத்தைத் தொடுவது உரித்தாளர்களின் வேலை. மனைவி யாரையும் பார்க்கவில்லை. அறைக்குள் போய் அவருடைய மருந்துப் பெட்டியை எடுத்துவந்து அந்த மனிதரின் கையில் கொடுத்தார்.

இரண்டு பேர் கட்டினார்கள். ஒருவர் 2004இல் வன்னித் தலைமையின் பக்கம் நின்றவர், மற்றவர் பிரிந்து போன பக்கம் நின்றவர். ஒருவர் உடம்பைச் சரித்துப் பிடித்தார். மற்றவர் சேலைனை ஊற்றி, கோஸை மடித்து, புண்ணின் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்தார். ஒரு தடவை துடைத்த கோஸ் மறுபடி புண்ணைத் தொடவில்லை. அவர் அவர்களுக்குப் படிப்பித்த முறை அது. பிளாஸ்டரை நான்கு பக்கமும் ஒட்டி, ஓரத்தை விரலால் நீவிவிட்டார்கள். அந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் பேசிய வார்த்தைகள் "இன்னும் கொஞ்சம் சரி", "பிடி", "காணும்" என்பவை மட்டும். மற்ற ஆறு பேரும் நாற்காலிகளைச் சுற்றிவர நிறுத்தி மறைப்பாக இருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பனர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து யாரோ காசு அனுப்பி, அவருடைய இயக்கப் பெயரோடும் அந்தக் காலத்துப் படத்தோடும் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பனர் அடித்து ஒழுங்கை முகப்பில் கட்டினார்கள். மனைவிக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் கிரான் பக்கம் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்ததற்காகப் பத்துப் பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். 2023 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டி மட்டக்களப்பில் மறுபடி கைதுகள் நடந்தன. மகள் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிற நேரம். பனரைக் கழற்றச் சொன்னார். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். காயக்காரர்கள் கோபிக்கவில்லை. அவர்களே அவிழ்த்துச் சுருட்டி வானில் வைத்துக்கொண்டார்கள். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, யார் யார் வந்தார்கள் என்று விசாரித்துப் போனார்கள்.

புண்கள்

துக்கத்தை நாங்கள் வழக்கமாகத் தேடும் இடங்கள் தெரிந்தவை: நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, அழுகை, பேச்சில்லை. உணர்வில்லாத உடம்பில் துக்கம் வேறு வழியாகத் தெரிகிறது. ஆள் திரும்பிப் படுப்பதை விட்டுவிடுகிறார். கண்ணாடியை எடுப்பதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். அவர் சாக முடிவெடுக்கவில்லை. யாருக்காக இதையெல்லாம் செய்துவந்தாரோ அவர் கேட்பதில்லை, அவ்வளவுதான். வலி இல்லாததால் உடம்பும் எச்சரிக்காது. காய்ச்சல் வந்து, மணம் வந்து, வீட்டார் துணியை விலக்கிப் பார்க்கும்போது எலும்பு தெரியும்.

திருக்கோவில்காரர் வைத்தியசாலைக் கட்டிலில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அஞ்சு மணிக்கு முழிப்பு வருது. போனைப் பாத்துக்கொண்டு கிடப்பன். ஆறு மணியாகும். அதுக்குப் பொறகு கிறுகிப் படுத்து என்ன?"

அவரிடம் ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை. அவருடைய ஊரில் யாரும் சாகவில்லையே. அவர் எட்டாம் நாள் சடங்குக்கு நிற்கவில்லை, துடக்குக் காக்கவில்லை. எங்களைப் போன்ற நிறுவனங்களும் விசாரிக்கவில்லை. எங்கள் படிவத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் மனைவி, பிள்ளை, பெற்றார், சகோதரம் என்று இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் வராதவரின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேரைப் புனர்வாழ்வு நிலையங்களுக்கூடாக அனுப்பி, தொழிற்பயிற்சி கொடுத்து, வீட்டுக்கு விட்ட ஏற்பாட்டிலும் இதற்கு இடம் இருக்கவில்லை. பதின்ம வயதிலிருந்து பக்கத்தில் படுத்து, பக்கத்தில் காயப்பட்டு, ஒருவரின் காயத்தை ஒருவர் கட்டி வாழ்ந்தவர்களுக்கு அந்த உறவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைச் சொன்னாலே சந்தேகம் வரும் என்ற பயம் வேறு. ஆகவே சாவு வந்தாலும் வாய்திறந்து அழமாட்டார்கள்.

சாவீட்டில் புண்ணைக் கட்டிய இரண்டு பேருக்கும், மறைப்பாக நின்ற ஆறு பேரில் ஐவருக்கும் ஒன்றும் வரவில்லை. புண்ணோடு வந்த மூவரில் வாழைச்சேனைக்காரரால் சாவீட்டுக்கு வரவே முடியவில்லை. காத்தான்குடி நானா வந்தார், ஆனால் அஸர் தொழுகைக்கு முன் திரும்பிவிட்டதால் அந்த நேரம் உள்ளே இல்லை. திருக்கோவில்காரர் மட்டும் உள்ளே நின்றும் தப்பவில்லை. கதீற்றர் மடிந்த அந்தக் காலைக்குப் பிறகு அவருடைய உயிரே அண்ணனின் குரலில் தொங்கியிருந்தது. ஒன்பது பத்துப் பேரை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனாலும் கையால் செய்வதற்கு ஒரு கடமை கிடைத்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று நான் நம்புகிறேன். உறவுக்காரருக்கு வாய்க்கரிசி போடவும் கொள்ளிக்குடம் உடைக்கவும் இருப்பதுபோல இவர்களுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அந்த மருந்துப் பெட்டியைக் கொடுத்த மனைவி எங்கள் பயிற்சிகள் எதிலும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தார்.

முப்பத்தோராம் நாள்

முப்பத்தொன்று கார்த்திகையில் வந்தது. மாவீரர் நாள் வரும் அந்த மாதம் கூட்டம் கூடினாலே கேள்வி வரும். பகலில் அமுது கொடுத்து, உறவுக்காரருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிய பிறகு, காயக்காரர்களைப் பின்னேரம் வரச் சொன்னார் மனைவி. கொடியில்லை, விளக்கில்லை, படம் வீட்டில் எப்போதும் இருக்கிற கல்யாணப் படம். முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 1998இல் அவர் இழுத்துவந்து உயிர்தப்பிய ஆளும் அங்கே இருந்தார். ஷெல் விழுந்த இடம், அந்த நேரம் அவர் சொன்ன வார்த்தை, இரத்தம் கட்டுப்படாத ஒருவருக்குத் தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டியது என்று எல்லாம் வந்தது. 2004இன் கதையும் வந்தது. ஒருவர் குரலை உயர்த்த, மற்றவர் எழும்பிப் போகப் பார்த்தார். "இருங்க தம்பி, அவருக்கு முன்னால ரெண்டு பேரும் இருந்தீங்கதானே" என்று மனைவி சொன்னதும் இருந்துவிட்டார். நானா தன்னுடைய மாமனைப் பற்றியும், அண்ணன் தனக்குச் சொன்ன பதிலைப் பற்றியும் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. போராளியின் நினைவில் அந்தக் கதையும் சொல்லப்பட வேண்டும் என்பதே என் எண்ணம். அதை மறைத்துவிட்டு அவரை நினைத்தால், நானா அந்த முற்றத்தில் இருக்க முடியாது.

மகளுக்கு இதில் பாதிக்கு மேல் புதிது. அப்பா வாய் திறந்ததேயில்லையாம்.

இப்போதைய நிலை

சீஆர் கொப்பியை மகள் வைத்திருக்கிறா. அதிலுள்ள பெயர்களை நான்காகப் பிரித்து நான்கு பேர் காலையில் எடுக்கிறார்கள். புண் கட்டிய இருவரும் அதில் அடக்கம். முதல் மாதம் சரிவரவில்லை. அதே கேள்வியை வேறு குரலில் கேட்கப் பலருக்குப் பிடிக்கவில்லை, இரண்டு பேர் திட்டிவிட்டு வைத்தார்கள். திருக்கோவில்காரர் தனக்கு யாரும் எடுக்க வேண்டாம், தானே மூன்று பேருக்கு எடுக்கிறேன் என்று கேட்டார். கொடுத்தோம். அவருக்குப் புண் மூடிவிட்டது.

எங்கள் தரப்பில் மூன்று மாற்றம் செய்தோம். முள்ளந்தண்டுக் காயக்காரர் ஒருவர் இறந்தால் அவரோடு பழகிய மற்றக் காயக்காரர்களின் வீட்டுக்கு முதல் இரண்டு கிழமைக்குள் போகிறோம். போகும்போது மனநிலையை மட்டும் கேட்காமல் வீட்டாரோடு சேர்ந்து தோலைப் பார்க்கிறோம். படிவத்தில் உறவு என்ற கட்டத்துக்குக் கீழே, இறந்தவரை இழந்து தவிக்கும் வேறு ஆட்கள் யார் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரியில் இயக்கம், படையணி என்ற விபரம் எதையும் எழுதுவதில்லை.

நானா புண் ஆறி வீட்டில் இருக்கிறார். வாழைச்சேனைக்காரர் இன்னும் யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை. அவருடைய தங்கச்சி எடுத்து, அவரைத் திருப்பிப் பார்த்து, புண்ணின் அளவைச் சொல்கிறா. கடைசியாகச் சொன்னபோது இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு, ஆழமில்லை. சத்திரசிகிச்சை தேவைப்படாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்கு நாற்காலி ஏறக்கூடிய வாகனம் ஒன்று ஒழுங்கு செய்ய வேண்டும்.